செய்தி சொல்லக் கூடாத வானொலி

எங்கள் வானொலிக்குச் செய்தி சொல்லும் உரிமை கிடையாது. சமுதாய வானொலிகளுக்கு அதுதான் விதி. பாட்டுப் போடலாம், பாடம் நடத்தலாம், சாமைக்கு எப்போது உழவு ஓட்டுவது என்று பேசலாம், கர்ப்பிணிகள் என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்லலாம். அரசு வானொலியின் செய்தியை எழுத்து மாறாமல் அப்படியே எடுத்து ஒலிபரப்பலாம். நாங்களாக ஒரு வரி சேர்க்க முடியாது. மற்ற நாட்களில் இதை ஒரு குறையாக நான் நினைத்ததே இல்லை. மலையில் யாரும் எங்களிடம் செய்தி கேட்டதும் இல்லை. எல்லையில் சண்டை மூண்ட அந்த வாரத்தில்தான் ஆளாளுக்கு எங்களிடம் வந்து கேட்க ஆரம்பித்தார்கள்.

நிலையம் இருப்பது ஜமுனாமரத்தூரில், கடைத்தெரு முடிகிற இடத்தில். இரண்டே அறை. உள்ளறையின் சுவரெல்லாம் பஞ்சு ஒட்டியிருப்போம். மைக்கைத் திறந்தால் மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்தச் சத்தமும் சேர்ந்து போகும். ஒரு அறக்கட்டளை நடத்துகிறது. முழுநேர ஆட்கள் இரண்டு பேர்தான். நான் அறிவிப்பாளர். நிலையப் பொறுப்பாளர் போளூர்க்காரர். சார் என்றுதான் கூப்பிடுவேன். நிர்வாகம், ஒலிக்கட்டுப்பாடு, ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றுவது எல்லாம் அவர்தான். நான் வாரம் முழுக்க இங்கே ஒரு வாடகை அறையில் இருந்துவிட்டு, வாரக்கடைசியில் பஸ் பிடித்து கணியம்பாடிக்கு இறங்குவேன். என் மகள் அங்கே என் அம்மாவிடம் வளர்கிறாள்.

நான் சொல்லப்போகும் நாள் சந்தை நாள். காலையில் நிலையத்தைத் திறக்கும்போதே அம்மா போனில் கூப்பிட்டாள். முந்தின நாள் முழுக்க டிவி முன்னால் உட்கார்ந்திருப்பாள் போல. குரல் கட்டியிருந்தது.

"நீ லீவு சொல்லிட்டு கெளம்பி வந்துடு."

"எதுக்கும்மா?"

"எதுக்கா? மலை மேல அவ்ளோ ஒசரத்துல கீற. குண்டு போட்டா மொதல்ல அங்கதான வுழும்?"

நான் சிரித்துவிட்டேன். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அதற்குள் மகள் போனைப் பிடுங்கிக்கொண்டு, "அம்மா, சண்டை வந்தா ஸ்கூல் தெறக்க மாட்டாங்களாம்மா?" என்று கேட்டாள். அவள் குரலில் பயமே இல்லை, ஆசைதான் இருந்தது. அதெல்லாம் திறப்பார்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சார் வந்தபோது அவர் முகம் சரியில்லை. அறக்கட்டளை அலுவலகத்திலிருந்து அவருக்கு அழைப்பு வந்திருந்தது.

"சண்டையப் பத்தி மூச்சு விடக்கூடாதாம். பட்டாளம் எங்க போவுது, யாரு எந்த ஊர்ல கீறாங்க, எதுவும் வாயத் தெறந்து சொல்லக்கூடாது. அதே நேரத்துல, ஜனங்க பயப்படாம பாத்துக்கோங்கன்றாங்க. நியூஸும் சொல்லக்கூடாது, தைரியமும் சொல்லணும்னா இன்னாம்மா பண்றது?"

எங்கள் காலை நிகழ்ச்சியில் ஒரு நகைச்சுவைப் பகுதி உண்டு. மலை ஊர்களில் பதிவு செய்த விடுகதைகளும் சிரிப்புக் கதைகளும் அதில் வரும். நாட்டில் சண்டை நடக்கும்போது சிரிப்பு எதற்கு, நிறுத்திவிடலாம் என்றார் சார். அதற்குப் பதில் தேசபக்திப் பாட்டுகளாக எடுத்து வரிசையாகப் போட்டோம். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது.

கொஞ்ச நேரம் போனதும் போன் அடித்தது. எடுத்தேன். ஒரு பெண், எடுத்த எடுப்பிலேயே சண்டைக்கு வந்தாள்.

"இன்னா காலையிலருந்து ஒரே போர்ப் பாட்டாவே போடறீங்க? சண்டை இங்க வந்துடிச்சான்னு எங்க மாமியா நடுங்கினு கீது. ஆட்டக் கூட அவுத்து வுட மாட்டேங்குது. எப்பவும் போடறதையே போடுங்க."

அவள் வைத்ததும் அடுத்த போன். இது ஒரு ஆண் குரல். நேற்று நாங்கள் விடுகதை போட்டதற்கு இன்று திட்ட வந்திருந்தார். "அங்க பசங்க உசுரக் குடுத்துனு கீறாங்க, உங்களுக்கு விடுகத கேக்குதா?" என்றார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு சார் முகத்தைப் பார்த்தேன். இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகத்தான் இருந்தது. சார் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆட்ட அவுத்து வுடணும்மா. அதான் முக்கியம்," என்றார். விடுகதையைத் திரும்பப் போட்டோம்.

அடுத்தது கல்வி ஒலிபரப்பு. பள்ளி விடுமுறைதான், ஆனால் பரீட்சையில் தவறிப் போய்த் துணைத் தேர்வு எழுதப்போகும் பிள்ளைகளுக்காக அந்தக் கோடையில் தினமும் ஒரு பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். மலையிலிருந்து இறங்கி டியூஷன் போகும் வசதி இந்தப் பிள்ளைகளுக்குக் கிடையாது. அன்றைக்குச் சமூக அறிவியல். சொல்லிக் கொடுப்பவர் இங்கே அரசுப் பள்ளியில் வேலை செய்யும் ஆசிரியர். அவர் சந்தை வழியாக நடந்து வந்திருந்தார். உள்ளே நுழைந்ததும், "உப்பு தீந்துபோச்சி, தெரியுமா?" என்றார்.

சந்தையில் யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். லாரி வராது, உப்பு கிடைக்காது, தீப்பெட்டி கிடைக்காது என்று. ஆளுக்கு ஐந்து பாக்கெட், பத்து பாக்கெட் என்று வாங்கிக் கட்டிக்கொண்டு போகிறார்களாம். ராத்திரியில் விளக்குப் போட்டால் வானத்திலிருந்து தெரியும் என்று வேறு பேச்சு.

"சார், இத நீங்க சொல்லுங்களேன், பயப்பட ஒண்ணுமில்லன்னு," என்றார் ஆசிரியர்.

"சொல்லக்கூடாது சார். சண்டைன்ற வார்த்தையே வரக்கூடாது."

ஆசிரியர் தன் கையிலிருந்த பாடப் புத்தகத்தைப் புரட்டினார். அன்றைக்கு அவர் நடத்துவதாக இருந்தது வேளாண்மைப் பாடம். "நிலப்படம் படிக்கறது இன்னும் நடத்தலியே? எப்படியும் அதுல கேள்வி வரும்," என்றார். சார் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியை நிறுத்தினேன்.

அவர் நல்ல ஆசிரியர். பாடத்தை மீறி ஒரு வார்த்தை பேசவில்லை. இந்தியப் படத்தை எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னார். பக்கத்தில் பூ கட்டுகிற நூல் இருந்தால் ஒரு துண்டு எடுத்துக்கொள்ளச் சொன்னார். திருவண்ணாமலையில் ஒரு நுனியை வைத்துக் கன்னியாகுமரி வரைக்கும் நூலை இழுங்கள் என்றார். "பஸ்ல போனா ராத்திரி ஏறி காலையில எறங்கற தூரம் அது. இப்ப அதே நூல, திருவண்ணாமலையில இருந்து மேல, வடமேற்கு எல்லை வரைக்கும் மடிச்சி மடிச்சி வெச்சிப் பாருங்க. எத்தனை மடிப்பு வருது? நாலுக்கு மேல வரும்." பிறகு படத்தின் கீழே இருக்கும் அளவுகோல், அதைக் கொண்டு கிலோமீட்டர் கணக்குப் போடுவது, தேர்வில் எப்படிக் கேட்பார்கள் என்று போய்விட்டார். அவ்வளவுதான் பாடம்.

அது சந்தையில் என்ன செய்தது என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. டீக்கடை ரேடியோவில் கேட்டுவிட்டு, கடைக்காரர் வடைப் பொட்டலம் கட்டும் நூலை எடுத்து, சுவரில் மாட்டியிருந்த காலண்டரின் இந்தியப் படத்தில் அளந்து காட்டியிருக்கிறார். நான்கு பேர் எட்டிப் பார்த்திருக்கிறார்கள். உப்பு வாங்கிய ஒருவர் பாதியைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேட்டாராம். கடையில் வாங்கிக்கொள்ளவில்லை.

அந்தக் கூட்டத்தில் நின்றிருந்தவள்தான் பிறகு எங்களிடம் வந்த அக்கா.

ஆசிரியர் கிளம்பிப் போய், நான் நேயர் விருப்பத்துக்குப் பாட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். புளி விற்க மலைக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து வந்தவள், சேலை முந்தானையெல்லாம் புளி ஓட்டுத் தூள். கையில் ஒரு பட்டன் போன்.

"நூல் வெச்சி அளக்கச் சொன்னது நீங்களா?"

"எங்க வாத்தியாருக்கா. ஏன்?"

"அங்கருந்து இங்க ரொம்ப தூரம், பயப்படாதீங்கன்னு எல்லாரும் பேசிக்கிறாங்க. எம்புள்ள அங்கதான்மா கீறான்."

உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். மகன் பட்டாளத்தில் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறதாம். அவர்கள் ஊரில் சிக்னல் கிடையாது. சந்தைக்கு வரும் நாளில்தான் அவனுக்குப் போன் போடுவாள். இன்று காலையிலிருந்து போட்டுப் போட்டுப் பார்க்கிறாள், சுவிட்ச் ஆஃப் என்றே வருகிறது. அந்த அறிவிப்பைப் பேசுகிற பெண் குரலிடம்கூட இரண்டு தடவை கெஞ்சிப் பார்த்தாளாம். இதைச் சொல்லிவிட்டு அவளே வெட்கப்பட்டுக்கொண்டாள்.

"உங்க ரேடியோல ஒரு வார்த்த சொல்லணும்மா. அவன் கேப்பான்."

"இது அவ்ளோ தூரம் எட்டாதுக்கா. கீழ போளூருக்கே எட்டாது."

"எட்டாட்டி போவுது. நான் பேசணும். எனக்கு இங்க அடைச்சினு கீது," என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

நான் சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் தலையைச் சொறிந்தார். நேயர் விருப்பத்தில் யாரும் யாருக்கும் வாழ்த்துச் சொல்லலாம், பேசலாம். அதற்கு விதியில் தடை இல்லை. அவள் ஏதாவது ஊர் பேரைச் சொல்லிவிட்டால்தான் வம்பு. சார் வெளியே வந்து அவளிடம் நின்றுகொண்டே சொன்னார். "யக்கா, வூட்டு சமாச்சாரம் மட்டும் பேசு. அவன் எந்த ஊர்ல கீறான், இன்னா வேலையில கீறான், எதுவும் வேணாம். அது அவனுக்கே நல்லதில்ல."

"சரிங்க," என்றாள்.

அவளை மைக் முன்னால் உட்கார வைத்தேன். நான் எதிரில். பாட்டு முடிந்ததும், ஒரு தாய் தன் மகனுக்குப் பேச வந்திருக்கிறார் என்று மட்டும் அறிமுகம் செய்தேன். அவள் மைக்கைப் பார்க்கவில்லை, மேசையைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"செவல பசு கன்னு போட்டுச்சிடா. கெடேரி. நீ வந்துதான் பேர் வெக்கணும்னு உங்கப்பா சொல்லிட்டாரு. வூட்டுக்குப் பொறத்தால இருக்கற பலா இந்த வருசம் அடியிலயே காய்ச்சிக் கெடக்குது, பன்னி வந்து கடிச்சிட்டுப் போவுது. ஓட்டுக்கு மேல தார்ப்பாய் போட்டாச்சி, நீ அதப் பத்தி நெனைக்காத. நேரத்துக்குச் சாப்புடு. குளுருதுன்னு சொன்னியே, ரெண்டு பனியனா போட்டுக்க. சண்ட புடிக்கிற நேரத்துல யாருகிட்டயும் கோவப்படாத..."

சண்டை என்ற வார்த்தையில் சாரின் கை பொத்தானுக்குப் போய்த் திரும்பியது. இரண்டு அறைக்கும் நடுவிலிருந்த கண்ணாடி வழியாக எனக்குத் தெரிந்தது. அவள் தொடர்ந்தாள். "போன வாட்டி சொன்னியே, அந்த ஊரு, ஆறு ஓடுதுன்னு, அதான் அந்த..."

சார் பாட்டை ஏற்றிவிட்டார். உள்ளே எங்களுக்குப் பாட்டுக் கேட்காது. அவள் பேச்சு வெளியே போகவில்லை என்பது அவளுக்குத் தெரியவில்லை. ஊர் பேரைச் சொன்னாள். அங்கே போகாதே, வேறு ஊருக்கு மாற்றிக் கொடுக்கச் சொல்லி உன் ஆபீசரைக் கேள் என்றாள். அவர் கொடுக்காவிட்டால் உன் அப்பாவை அனுப்பிப் பேசச் சொல்கிறேன் என்றாள். நான் தடுக்கவில்லை. அவள் பேசி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முடித்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போதும்மா, எறங்கிடிச்சி," என்றாள். புளியைப் பக்கத்து ஆளிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தேன் என்று கிளம்பிப் போனாள்.

அதன் பிறகு போன் ஓயவில்லை. அந்த அம்மாவுக்காக ஒரு பாட்டு என்று கேட்டவர்கள் பல பேர். காலையில் விடுகதைக்காகத் திட்டியவர்கூடத் திரும்பக் கூப்பிட்டு, ஒரு பாட்டு கேட்டார். குத்துப் பாட்டு. "அந்தப் பையனுக்குப் புடிக்கும், வயசுப் பையன்தான," என்றார். அமிர்திப் பக்கத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். காடு ஏறி நின்றால் எங்கள் வானொலி அவளுக்கு எடுக்குமாம். அவள் கணவனும் எல்லையில்தான். அவனிடமிருந்தும் தகவல் இல்லை. "நானும் அங்க வந்து பேசலாமா?" என்று கேட்டாள். வாருங்கள் என்றேன். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு எப்படி வருவது என்று அவளே சொல்லிக்கொண்டு வைத்துவிட்டாள். அவளுக்கு ஒரு பாட்டுப் போட்டேன்.

நேயர் விருப்பம் முடிகிற நேரத்தில் இன்னொரு அழைப்பு. இளம் பெண் குரல். காற்றுச் சத்தம் பலமாக இருந்தது; எங்கோ பாறை மேல் நின்று பேசுகிறாள் என்று புரிந்தது.

"அக்கா, இது ரேடியோல வருதா?"

"இல்லம்மா, லைன் மட்டும்தான். எந்தப் பாட்டு வேணும்?"

"பாட்டு வேணாங்க்கா. முன்ன பேசினாங்களே ஒரு அம்மா, அவங்ககிட்ட சொல்லிடுங்க. அவரு நல்லா கீறாராம். விடியக்காலம் பேசினாரு. போன வாங்கி வெச்சிட்டாங்களாம், அதான் சுவிட்ச் ஆஃப். வேற யாரு போன்லயோ ஒரு நிமிசம் பேசினாரு. எங்க வூட்டுக்குச் சொல்லிடுன்னாரு."

"நீ யாரும்மா?"

காற்று மட்டும் கேட்டது.

"நீ யாருன்னு தெரியாம நான் எப்படிப் போய் சொல்றது? நாளைக்கு வேற மாதிரி ஆச்சின்னா?"

"யாருன்னு கேக்காதீங்கக்கா. எங்க வூட்ல தெரிஞ்சா கொன்னுடுவாங்க. நான் நர்சிங் படிக்கறேன், லீவுக்கு வந்துகீறேன். அவங்க ஊருக்குப் போயி சொல்லலாம்னு பாதி வழி வரைக்கும் போனேன். எப்படிச் சொல்றது, யாருன்னு போயி நிக்கறது? திரும்பி வந்துட்டேன். அப்புறம் ரேடியோல செவல பசு, பலான்னு பேசினதக் கேட்டதும் அவரு அம்மாதான்னு தெரிஞ்சிது."

பேச்சில் பொய் தெரியவில்லை. ஆனாலும் எனக்குப் பயம். ஒரு தாயிடம் போய் உன் மகன் நலம் என்று சொல்லிவிட்டு, அது தப்பாகிவிட்டால் என்ன செய்வேன்? அந்த அம்மா ரேடியோவில் சொல்லாத விஷயம் ஏதாவது உனக்குத் தெரியுமா, அவர் உன்னிடம் சொல்லியிருக்கிறாரா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள்.

"போன லீவுல அவங்க அம்மா கேவுரு மாவு குடுத்து அனுப்பினாங்களாம், பிளாஸ்டிக் டப்பால. ரயில்ல மூடி ஒடைஞ்சி, துணியெல்லாம் மாவாப் போச்சாம். அம்மாகிட்ட அத மட்டும் சொல்லாதன்னாரு."

"இது போதும்மா."

"அக்கா, சொல்லிட்டீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

சாயந்திர நிகழ்ச்சியைக் கேள், முதல் பாட்டுக்கு முன்னால் ஏதாவது சொல்கிறேன் என்றேன். லைன் அறுந்துவிட்டது.

சாரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இத ரேடியோல சொல்லப் போறியா?" இல்லை, நேரில் போய்ச் சொல்கிறேன் என்றேன். "அப்ப ஓடு. அவங்க ஊர் ஜீப்பு போயிடப் போவுது," என்றார்.

சந்தை கலைந்துகொண்டிருந்தது. கருவாட்டுக் கடைகளைத் தாண்டி, புளிக்காரர்கள் உட்காரும் மரத்தடிக்குப் போனேன். அவள் சாக்கை மடித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டாள். முகம் வெளுத்துப் போயிற்று. ஆள் தேடி வந்தால் கெட்ட சேதி என்று நினைத்துவிட்டாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஓடி வந்திருக்கக் கூடாது.

"ஒண்ணுமில்லக்கா, நல்ல சேதிதான். உங்க பையன் நல்லா கீறாரு. காலையில பேசியிருக்காரு."

"யாருகிட்ட?"

"தெரிஞ்சவங்ககிட்ட. போன வாங்கி வெச்சிட்டாங்களாம். வேற யாரு போன்லயோ ஒரு நிமிசம் பேசி, உங்களுக்குச் சொல்லச் சொன்னாராம்."

"யாரு தெரிஞ்சவங்க? சும்மா என்னத் தேத்தறதுக்குச் சொல்றியா?"

வேறு வழியில்லை. "நீங்க குடுத்த கேவுரு மாவு டப்பா மூடி ஒடைஞ்சி, துணியெல்லாம் மாவாப் போச்சாம்," என்றேன்.

அவள் அப்படியே சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டாள். முதலில் சிரித்தாள். பிறகு அழுதாள். இரண்டுக்கும் நடுவில், "அந்த டப்பா வேணாம், துணியில மூட்ட கட்டித் தர்றேன்னு தலதலயா அடிச்சிக்கினேன். கேட்டானா? கேட்டானா?" என்று என்னையே கேட்டாள். பக்கத்துப் புளிக்காரர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். குடித்துவிட்டு மூக்கைச் சிந்தினாள். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்த பார்வை வேறு மாதிரி இருந்தது.

"எந்த ஊருப் பொண்ணு?"

"பொண்ணுன்னு யாரு சொன்னா?"

"ஆம்பளப் பையனா இருந்தா பேரச் சொல்லியிருப்ப. சொல்லு, எந்த ஊரு?"

"சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா."

ஊர் எனக்குத் தெரியாது என்பது உண்மைதான். அவள் அதை நம்பியதாகத் தெரியவில்லை. "ஒரு நிமிசம் போன் கெடைச்சிதாம், அதுல பேசறதுக்கு அவனுக்கு அவதான் கெடைச்சாளா?" என்றாள். உங்கள் ஊரில்தான் சிக்னல் இல்லையே, உங்களுக்கு எப்படிப் போடுவார் என்று அந்தப் பெண்ணுக்காக நான் வாதாடினேன். அவள் அதையும் யோசித்தாள். ஜீப்புக்காரன் ஹாரன் அடித்தான். சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு நாலடி போனவள் திரும்பி வந்தாள்.

"அந்தப் பொண்ணு மறுபடி பேசினா சொல்லு. அடுத்த வாட்டி போன் வந்தா நேரா எங்க வூட்டுக்கே வரச் சொல்லு. நான் ஒண்ணும் கடிச்சிட மாட்டேன்."

சாயந்திரம் நிகழ்ச்சி தொடங்கியது. அரசு வானொலியின் செய்தியை எழுத்து மாறாமல் ஒலிபரப்பினோம். அது முடிந்து என் முறை. என்ன சொல்வது என்று நான் எழுதி வைத்திருக்கவில்லை. "மதியம் நமக்குப் போன் செய்த ஒரு நேயருக்கு இந்தப் பாட்டு. நீங்கள் சொன்னதைச் சொல்லிவிட்டோம். அடுத்த முறை நீங்களே நேரில் போய்ச் சொல்லலாமாம். அவர்கள் கடிக்க மாட்டார்களாம்," என்றேன். கண்ணாடிக்கு அப்பால் சார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பாட்டை ஏற்றிவிட்டு என்னிடம் வந்து, "இது செய்தில சேருமா, பொழுதுபோக்குல சேருமா?" என்று கேட்டார். அவர் நிஜமாகவே கவலைப்பட்டுத்தான் கேட்டார். நேயர் கடிதம் என்று போட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.

சண்டை அதற்குப் பிறகு அதிக நாள் நீடிக்கவில்லை. அமிர்திப் பக்கத்துப் பெண் நிலையத்துக்கு வரவில்லை, மறுபடி கூப்பிடவும் இல்லை. கூப்பிடுகிறவர்கள் நம்பர் எங்கள் தொலைபேசியில் பதிவாவதில்லை. நேயர் விருப்பத்தில் பல நாள் அவளைக் கூப்பிடச் சொல்லி அறிவித்தேன். சண்டை நின்றதும் அவள் கணவனே போன் செய்திருப்பான், பிறகு நம்மை எதற்கு நினைக்கப் போகிறாள் என்று சார் சொன்னார். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நானும் வைத்துக்கொண்டேன்.

இரண்டு சந்தை கழித்து அந்த அக்கா வந்தாள். ஒரு பலாப்பழத்தைத் தலையில் சுமந்து வந்து மேசை மேல் இறக்கினாள். அன்றைய சந்தை முடிந்த மூன்றாம் நாளே, பாறை மேலிருந்து போன் செய்த அந்தப் பெண் அவர்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாளாம். மேட்டுக்கு அந்தப் பக்கத்து ஊர். கூட ஒரு தோழியையும் கூட்டி வந்திருக்கிறாள், தனியாக வரப் பயந்துகொண்டு. திரும்பவும் அவன் பேசினான் என்று சொல்ல வந்திருக்கிறாள்.

"எப்படிக்கா இருந்தா?" என்று கேட்டேன்.

"ஒல்லி. ஊசி போடற படிப்புப் படிக்குதாம். எங்கூட்டுக்காரர் காலு புண்ணப் பாத்துட்டு, சக்கர இருக்குதான்னு டெஸ்டு எடுக்கணும்னு சொல்லிட்டுப் போச்சி." டெஸ்டும் எடுத்துப் பார்த்துவிட்டார்களாம். "இருந்துது."

சாமை அறுப்புக்கு அவள் மகன் லீவில் வந்தான். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசினார்கள். பெண் வீட்டில் முதலில் சத்தம் போட்டார்கள், பிறகு படிப்பு முடியட்டும் என்றார்கள். பேசி முடித்த மறுநாள் அவன் பட்டாளத்துக்குத் திரும்பும் வழியில் நிலையத்துக்கு வந்தான். உயரமான பையன், கூச்ச சுபாவம். சாருக்குக் கை கொடுத்தான். என்னிடம் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டான்.

"மாவு கொட்டினத அம்மாகிட்ட நீங்கதான் சொன்னீங்களாக்கா?"

ஆமாம் என்றேன். அவன் தன் பையைத் திறந்து காட்டினான். உள்ளே துணியில் இறுக்கிக் கட்டிய மூட்டைகள், ஒன்றின் மேல் ஒன்றாக.

"பாருங்க, மூணு மூட்ட கட்டிக் குடுத்துட்டாங்க," என்றான். பிறகு பஸ் வந்துவிட்டது, ஏறிப் போனான்.